முதல் எலெக்ட்ரிக் கிட்டார், கையில் ஒரு இலட்சம்: திருகோணமலையில் இருந்து ஒரு கேள்வி

பாலையூற்றுத் தம்பி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கோவில் பாடகர் குழுவில் அகூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறேன். கார்டு பிடிப்பது, பாட்டுக்கு ஸ்ட்ரம் பண்ணுவது எல்லாம் ஓரளவு வரும். இப்போது லீட் (தனியாக மெட்டு வாசிப்பது) பழக ஆசை. சேர்த்து வைத்திருப்பது ஒரு இலட்சம் ரூபாய். அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை. அம்ப், வயர், பை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

எனக்கு இரண்டு வழிதான் தெரிகிறது. ஒன்று, கொழும்பில் புதிதாக ஒரு ஸ்குவயர் சோனிக். அதை எடுத்தால் காசில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். இரண்டாவது, கண்டியில் ஒருவர் விளம்பரம் போட்டிருக்கிறார்: ஜப்பானில் இருந்து வந்த பாவித்த கிட்டார், கறுப்பு நிறம், கூரான கொம்பு, கம்பிகள் ஊன்றி நிற்கும் பிரிட்ஜில் பூட்டுப் போட்ட ட்ரெமலோ (ஆட்டிச் சுருதியை ஏற்றி இறக்கும் அமைப்பு), கூடவே ஒரு சின்ன அம்ப். பார்க்க அட்டகாசமாக இருக்கிறது.

அப்பாவுக்கு இரவு வேலை, பகலில் தூங்குவார். அதனால் வீட்டில் சத்தமும் போட முடியாது. பைலாவில் இருந்து ரொக் வரை எல்லாம் வாசிக்க விருப்பம். எதை வாங்கலாம்?

---

வடகரை வீதி எழுதியது:

தம்பி, கிட்டாரைப் பற்றிக் கேட்டீர்கள். நான் முதலில் காசைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒரு இலட்சத்தையும் கிட்டாரில் கொட்டிவிட்டு அம்புக்குக் கடன் கேட்பதுதான் இங்கே வழக்கமாக நடக்கிறது. அறுபது, அறுபத்தைந்தாயிரத்துக்கு மேல் கிட்டாருக்குக் கொடுக்காதீர்கள். பத்தாயிரத்தைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். செட்டப்புக்கும் (வாசிக்க ஏற்றபடி கிட்டாரைச் சரிசெய்வது), புதுக் கம்பிக்கும், ஒரு நல்ல வயருக்கும் அது போகும். மீதிதான் சத்தத்துக்கு. இந்தக் கணக்கில் புதுக் கிட்டார் அடங்காவிட்டால் பாவித்ததைப் பாருங்கள். எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றும் கைத்தொலைபேசி இல்லை, பத்து வருடம் பழையது என்பதால் ஒரு குறையும் வராது.

விலை விசாரிக்கும்போது 2022க்கு முந்திய பதிவுகளைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்த வருடம் மார்ச்சில் இருநூறு சொச்சமாக இருந்த டொலர், மே மாதமளவில் 360ஐத் தொட்டது. "நாற்பதாயிரத்துக்குப் புதுசு கிடைக்கும்" என்று யாராவது எழுதியிருந்தால் எழுதிய திகதியைப் பாருங்கள்.

எந்த வகை என்றால், என் வாக்கு மூன்று பிக்கப்பில் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்), மற்ற இரண்டும் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) உள்ள கிட்டாருக்கு. பைலாவுக்குத் தேவையான மெல்லிய, கணீரென்ற சத்தம் சிங்கிள் காயிலில் வரும். ரொக்குக்குக் கனம் வேண்டும்போது ஹம்பக்கருக்குத் தட்டிக்கொள்ளலாம். யமாஹா பசிஃபிக்கா 112 இந்த அமைப்பில்தான் வருகிறது. ஐபனெஸ் ஜியோ வரிசையிலும் இப்படியானவை உண்டு. 112வி என்ற வகையில் டோன் குமிழை வெளியே இழுத்தால் ஹம்பக்கரின் ஒரு காயில் நின்று மற்றது மட்டும் வேலை செய்யும். பசிஃபிக்கா பாவித்ததாகவும் அடிக்கடி விளம்பரத்தில் வரும், கொஞ்சம் பொறுமையாகத் தேட வேண்டும்.

---

மெல்லிசை1975 எழுதியது:

லீட் பழக எலெக்ட்ரிக் எதற்கு? அகூஸ்டிக்கிலேயே விரல் கெட்டிப்பட்ட பிறகு வாங்குங்கள். நாங்கள் அப்படித்தான் பழகினோம்.

---

வடகரை வீதி எழுதியது:

நீங்கள் பழகிய காலத்தில் வேறு வழி இருக்கவில்லை ஐயா. அகூஸ்டிக்கில் 12 தடிப்புக் கம்பியை (அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு) ஒரு முழுச் சுருதிக்கு இழுத்து வளைத்துப் பாருங்கள், விரல் கெட்டிப்படாது, கிழியும். எலெக்ட்ரிக்கில் 9 தடிப்புக் கம்பி போட்டால் அதே வளைவு சுகமாக வரும். இரண்டும் ஒரே வாத்தியத்தின் இரண்டு நிறம் இல்லை.

---

ஈயப்பொட்டு எழுதியது:

நான் ரேடியோ, டிவி, அம்ப் திருத்துபவன். கண்டி விளம்பரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கூடக் கொடுக்கும் அந்தச் சின்ன அம்பின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஏசி 100 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ் என்று இருந்தால் அது ஜப்பான் நாட்டுக்குச் செய்தது. நம்முடைய கரண்ட் 230 வோல்ட். தட்டையான இரண்டு கால் பிளக்குக்குக் கடையில் ஒரு அடப்டர் வாங்கிச் சொருகினால் பிளக் பொருந்தும், வோல்ட் மாறாது. அதிர்ஷ்டம் இருந்தால் ஃபியூஸ் போகும், இல்லாவிட்டால் ட்ரான்ஸ்ஃபோமர் கருகும். என் மேசைக்கு இப்படி வருபவை கொஞ்சநஞ்சம் இல்லை. 230ஐ 100 ஆக இறக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் தனியாக வாங்க வேண்டும். கடைகளில் 110க்கு இறக்குவதைத் தருவார்கள், 100க்குத்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்தால் "இலவச அம்ப்" இலவசம் இல்லை.

இன்னொன்று. "ஜப்பானில் இருந்து வந்தது" வேறு, "ஜப்பானில் செய்தது" வேறு. அங்கேயும் பழகுபவர்கள் சீனாவிலும் இந்தோனேசியாவிலும் செய்த மலிவுக் கிட்டார்தான் வாங்குகிறார்கள். அவர்கள் கழித்துவிட்டதுதான் கப்பலேறி வருகிறது. நல்லது கிடைக்காது என்று சொல்லவில்லை, கிடைக்கும். ஆனால் நாட்டின் பெயருக்குக் காசு கொடுக்காதீர்கள், கையில் இருக்கும் சாமானுக்குக் கொடுங்கள்.

---

கிண்ணியாக் கரை எழுதியது:

பூட்டு ட்ரெமலோ இருந்தால் யோசிக்காமல் எடுங்கள் மச்சான்! எவ்வளவு ஆட்டினாலும் சுருதி விலகாது. மெட்டல் வாசிக்க அது இல்லாமல் முடியாது.

---

வடகரை வீதி எழுதியது:

> எவ்வளவு ஆட்டினாலும் சுருதி விலகாது

நல்ல ஃப்ளொய்ட் ரோஸில் (பூட்டு ட்ரெமலோவின் அசல் வகை) உண்மை. மலிவுக் கிட்டாரில் வரும் நகலில் கத்திமுனைபோல இருக்கும் விளிம்பு தேய்ந்துவிடும், அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டலுக்கும் ஒவ்வொரு சுருதி. சரி, நல்லதே கிடைத்தது என்று வைப்போம். தம்பி கோவில் குழுவில் வாசிப்பவர். பாடுபவரின் தொண்டைக்கு ஏற்ப அரைச் சுருதி இறக்கச் சொன்னால் மற்றவர்கள் அரை நிமிடத்தில் இறக்கிவிடுவார்கள். இவர் தலைப்பக்கம் கம்பி தங்கும் நட்டின் பூட்டை ஆலன் சாவியால் கழற்றி, ஒரு கம்பியை இறக்க மற்ற ஐந்தும் ஏற, அதை இறக்க இது ஏற, பூசை முடிந்துவிடும். பூசைக்கு நடுவில் கம்பி ஒன்று அறுந்தால் கேட்கவே வேண்டாம். அசையாத பிரிட்ஜ், அல்லது ஃபென்டரின் ஸ்ட்ராட் கிட்டாரில் வரும் சாதாரண ட்ரெமலோ. முதல் கிட்டாருக்கு அது போதும்.

---

கிண்ணியாக் கரை எழுதியது:

பின்னால் உள்ள குழியில் ஒரு மரத்துண்டை இறுக்கி வைத்தால் அசையாத பிரிட்ஜ் ஆகிவிடும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

---

வடகரை வீதி எழுதியது:

அதைச் சொன்னதற்கு நன்றி. ஆட்டுவதற்கென்று வாங்கியதை ஆடாமல் கட்டி வைத்திருக்கிறீர்கள். என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்!

---

சாம்பல்தீவு டீச்சர் எழுதியது:

பிள்ளைகளுக்கு வாத்தியம் பழக்குபவள் என்ற முறையில் ஒரு விஷயம். யாரும் கையைப் பற்றிப் பேசவில்லையே?

ஃபென்டர் வகைகளில் நட்டில் இருந்து பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம் 25.5 அங்குலம். கிப்சனின் லெஸ் பால் வகைகளில் 24.75. முக்கால் அங்குல வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் சிறிய கை உள்ளவர்களுக்கு முதல் நான்கு ஃபிரெட்டில் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) விரல் விரிப்பதில் நன்றாகவே தெரியும். கம்பியும் கொஞ்சம் தளர்வாக இருக்கும். ஆனால் லெஸ் பாலின் தடித்த உடம்பு பாரம், ஒரு மணி நேரம் நின்று வாசித்தால் தோள் சொல்லும். எபிஃபோனின் மெல்லிய உடம்புள்ள லெஸ் பால் ஸ்பெஷல் வகை அவ்வளவு கனம் இல்லை. ஃபெர்னாண்டஸ் ஸோ 3 என்று உள்ளேயே ஸ்பீக்கர் வைத்த குட்டிக் கிட்டார் ஒன்றும் ஜப்பான் சாமான்களில் வரும், 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். விளையாட்டுக்கு நல்லது. அதை ஒரே கிட்டாராக வைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன்.

தம்பி, கடையில் கூச்சப்படாமல் இருந்து வாசியுங்கள், பிறகு வாரைப் போட்டு நின்றும் வாசியுங்கள். இருக்கும்போது சரியாகத் தெரிகிற கிட்டார் நின்றவுடன் தலைப்பக்கம் சாயலாம்.

---

பாலையூற்றுத் தம்பி எழுதியது:

நன்றி அக்கா, அண்ணாமார். கண்டிக்காரரிடம் படம் கேட்டேன். ஈயப்பொட்டு அண்ணா சொன்னது சரி, 100 வோல்ட்தான். அதை விட்டுவிட்டேன்.

இப்போது கொழும்பில் ஒருவரிடம் பாவித்த பசிஃபிக்கா 112 ஒன்று இருக்கிறது. அவரிடம் அம்ப் இல்லை, "வாசித்துப் பார்க்காமல் நம்பி எடுங்கள்" என்கிறார். இரவு ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்கிறேன். அம்ப் இல்லாமல் எப்படிச் சோதிப்பது?

---

ஈயப்பொட்டு எழுதியது:

ஒரு மல்டிமீட்டரும் கிட்டார் வயரும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஓம் அளக்கும் பக்கத்தில் 20 கிலோவில் வையுங்கள். வயரின் ஒரு முனையைக் கிட்டாரில் சொருகி, வொல்யூமை முழுதாகத் திறந்து, மறு முனைப் பிளக்கின் நுனியில் மீட்டரின் ஒரு காலையும் உடம்பில் மற்றதையும் பிடியுங்கள். பிறகு ஸ்விட்சை ஒவ்வொரு இடமாகத் தட்டுங்கள். சிங்கிள் காயில் தனியாக இருக்கும்போது பொதுவாக 5 முதல் 7 கிலோ ஓம் காட்டும். ஹம்பக்கர் அதைவிடக் கூட, 7, 8, சிலது அதற்கும் மேலே. இரண்டு பிக்கப் சேரும் நடு இடங்களில் எண் குறையும், அது சரியானது. மீட்டர் அளவைத் தாண்டிப் போனால் காயில் அறுந்திருக்கிறது அல்லது உள்ளே ஈயம் விட்டுவிட்டது. பூச்சியம் காட்டினால் எங்கோ ஷோர்ட். வொல்யூமைத் திருகும்போது எண் தாவித் தாவிக் குதித்தால் குமிழுக்குள் அழுக்கு, அதற்குப் பயப்பட வேண்டாம், ஸ்ப்ரே அடித்தால் போகும்.

உள்ளே பேட்டரி வைத்த பிக்கப்புக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பசிஃபிக்கா 112இல் அந்தப் பிரச்சினை இல்லை.

---

வடகரை வீதி எழுதியது:

கரண்ட் பகுதி முடிந்தது, இனி மரம்.

எலெக்ட்ரிக் கிட்டாரில் மாற்ற முடியாதது நெக் (கழுத்து) ஒன்றுதான் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிக்கப் மாற்றலாம், டியூனர் மாற்றலாம், ஜாக் மாற்றலாம். நெக் திருகிப்போயிருந்தால் வந்த வழியே திரும்பி விடுங்கள். பிரிட்ஜ் பக்கம் இருந்து ஒரு கண்ணை மூடி நெக் நீளத்துக்குப் பாருங்கள். கொஞ்சம் முன்னால் வளைந்திருப்பது நல்லது, அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு பக்கம் உயர்ந்து மறு பக்கம் தாழ்ந்திருந்தால் அதுதான் திருகல்.

வளைவு எவ்வளவு என்று பார்க்க, தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்துங்கள். ஏழாவது, எட்டாவது ஃபிரெட்டுக்கு மேல் ஒரு விசிட்டிங் கார்ட் தடிப்புக்கு இடைவெளி இருந்தால் போதும். ஒரு ரூபாய் நாணயம் புகுகிற அளவு இருந்தால் ட்ரஸ் ராட் (நெக்குக்குள் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு) வேலை செய்கிறதா என்று அவரையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள், கால் சுற்று போதும். திரும்பவே மாட்டேன் என்று இறுகி நின்றால் கிட்டார் அவருக்கே இருக்கட்டும்.

பிறகு ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃபிரெட்டாக வாசியுங்கள். ஆமாம், எல்லாவற்றையும். சலிப்பான வேலை, பத்து நிமிடம் எடுக்கும், விற்பவர் முகம் சுளிப்பார். பரவாயில்லை. ஓரிடத்தில் மட்டும் கம்பி நரநரவென்றால் அதற்கு அடுத்து, பிரிட்ஜ் பக்கம் உள்ள ஃபிரெட் எழும்பியிருக்கிறது. மெல்லிய இரண்டு கம்பிகளையும் 12, 15ஆம் ஃபிரெட்டில் மேலே வளைத்துப் பாருங்கள். நடுவழியில் சத்தம் செத்தால் ஃபிரெட் தேய்ந்திருக்கிறது. ஃபிரெட் மட்டம் பார்த்துத் தேய்க்கிறவரைத் தேடிப் போவது பெரிய வேலை, அதற்கும் சேர்த்து விலையைக் குறையுங்கள் அல்லது விடுங்கள்.

12ஆவது ஃபிரெட்டில் கம்பியின் உயரம் இரண்டு மில்லிமீற்றர் அளவில் இருந்தால் வடிவாக வாசிக்கலாம். கூட இருந்தால் இறக்கலாம், அதற்காக நல்ல கிட்டாரை விட வேண்டாம். விற்பவர் பலருக்கு இது தெரியாது. கம்பி உயரமாக இருப்பதால் "கஷ்டமான கிட்டார்" என்று மலிவாகத் தள்ளுவார்கள். அதுதான் உங்களுக்கு லாபம்.

---

உள்துறைமுகம் எழுதியது:

எங்களைப்போலக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உப்புக் காற்று கம்பியை மட்டும் தின்பதில்லை. பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டுகளை உயர்த்தித் தாழ்த்தும் குட்டி ஆலன் திருகுகளைப் பாருங்கள். பழுப்பேறி இறுகியிருந்தால் உயரத்தை மாற்றவே முடியாது, பலவந்தம் பண்ணினால் தலை வழுகிவிடும். இங்கே உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வாங்கும் கிட்டாரில் இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மலைநாட்டில் இருந்து வரும் கிட்டாரில் இது பெரும்பாலும் சுத்தமாக இருக்கும்.

வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியின் கீழ்ப்பக்கமும் துடையுங்கள். சுவரில் மாட்டி அழகு பார்க்க வேண்டாம், பைக்குள் வையுங்கள், சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலங்கள் இரண்டைப் போடுங்கள். பூச்சுப் போட்ட கம்பி விலை கூடத்தான், ஆனால் நம்முடைய ஊருக்கு அது ஆடம்பரம் இல்லை.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எதிர்ப்பக்கத் தொல்லை. மரம் காய்ந்து சுருங்கும், ஃபிரெட்டின் ஓரங்கள் வெளியே நீட்டி உள்ளங்கையைக் கீறும். மாரி தொடங்கினால் நெக் திரும்பவும் அசையும். ஆகவே செட்டப் என்பது ஒருதரம் செய்து மறக்கும் காரியம் இல்லை.

---

மெல்லிசை1975 எழுதியது:

காய்ந்தால் ஃபிரெட்போர்டில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். வீட்டில் இருப்பதுதானே.

---

உள்துறைமுகம் எழுதியது:

வேண்டாம் ஐயா, தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடித்து நாறும். கிட்டாருக்கென்று விற்கும் எண்ணெய் ஒரு சின்னப் போத்தல் வருடக்கணக்கில் வரும். அதுவும் ரோஸ்வுட் போன்ற பூச்சில்லாத பலகைக்குத்தான். மேப்பிள் பலகையில் வார்னிஷ் இருந்தால் ஈரத்துணி போதும்.

---

சாம்பல்தீவு டீச்சர் எழுதியது:

அம்பைப் பற்றி இன்னும் ஒருவரும் முடிவாகச் சொல்லவில்லை. பகலில் தூங்கும் அப்பா இருக்கிறார், நினைவிருக்கிறதா?

---

ஈயப்பொட்டு எழுதியது:

ஹெட்போனில் வாசிக்கும் வழிதான் அவருக்குச் சரி. வொக்ஸ் அம்ப்ப்ளக் என்று தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒன்று நேராகக் கிட்டாரின் ஜாக்கில் சொருகும். அல்லது ஸூம் ஜி1 ஃபோர் போன்ற மல்டி எஃபெக்ட் பெட்டி, நான்கு டபிள்ஏ பேட்டரியில் ஓடும், ஹெட்போனிலும் கேட்கலாம், டியூனரும் தாளமும் உள்ளேயே இருக்கும். 2022இல் 13 மணி நேர மின்வெட்டைக் கண்டவர்கள் பேட்டரியில் ஓடுவதன் அருமையை அறிவார்கள். என் தெரிவு இரண்டாவதுதான். பாவித்ததாகவும் வரும்.

அதற்கு அடப்டர் வாங்கும்போது கவனம். எஃபெக்ட் பெட்டிகளில் பெரும்பாலும் பிளக்கின் நடு முனை எதிர், வெளிப்பக்கம் நேர். வீட்டில் கிடக்கும் ரவுட்டர் அடப்டரில் பெரும்பாலும் நடு முனைதான் நேர். வோல்ட் ஒத்துப்போகிறது என்று அதைச் சொருகாதீர்கள். இரண்டிலும் வட்டமும் புள்ளியுமாகப் படம் போட்டிருக்கும், அது பொருந்த வேண்டும்.

---

பாலையூற்றுத் தம்பி எழுதியது:

போய் வந்துவிட்டேன். பசிஃபிக்காவை எடுத்தேன்!

மீட்டரைக் கண்டதும் விற்பவர் சிரித்தார். பிக்கப் மூன்றும் சரி. நெக் நேராக இருக்கிறது. கம்பி 12ஆவது ஃபிரெட்டில் நல்ல உயரம், மூன்று மில்லிமீற்றருக்கும் மேலே. வடகரை வீதி அண்ணா சொன்னதுபோல அதைக் காட்டியே விலை குறைத்தேன். ஐம்பத்தெட்டாயிரம். பாவித்த மல்டி எஃபெக்ட் ஒன்றும் பேசி வைத்திருக்கிறேன்.

இரண்டு கேள்வி. என்ன கம்பி போடலாம்? கோவிலில் அம்ப் இல்லை, மிக்சர்தான் இருக்கிறது. கிட்டாரை நேராக அதில் சொருகலாமா?

---

வடகரை வீதி எழுதியது:

நல்ல விலை தம்பி. 9இல் தொடங்கும் செட், அதாவது 9-42 (மெல்லிய கம்பி 9, தடித்தது 42) போடுங்கள். இப்போது 10-46 இருந்தால் 9க்கு மாறும்போது இழுவை குறைந்து நெக் கொஞ்சம் பின்னால் போகும். அதனால் புதுக் கம்பி போட்டு, சுருதி சேர்த்து, ஒரு நாள் விட்டுவிட்டுப் பிறகு ட்ரஸ் ராட்டைப் பாருங்கள். அதற்குப் பிறகு உயரம், கடைசியாக இன்டோனேஷன் (எல்லா ஃபிரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது). 12ஆவது ஃபிரெட்டில் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) அழுத்திய சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது கூடினால் பிரிட்ஜ் துண்டைப் பின்னுக்கு, குறைந்தால் முன்னுக்கு. வரிசை மாறினால் திரும்ப முதலில் இருந்துதான்.

---

ஈயப்பொட்டு எழுதியது:

நேராக மிக்சரில் வேண்டாம். சாதாரண லைன் துவாரம் பிக்கப்பின் சத்தத்தை அமுக்கி மந்தமாக்கிவிடும். கிட்டார், மல்டி எஃபெக்ட், அப்புறம் மிக்சர். பெட்டியில் அம்ப், ஸ்பீக்கர் மாதிரி வருவதை இயக்கி வையுங்கள், இல்லாவிட்டால் டிஸ்டோர்ஷன் குளவிபோல இரையும்.

இன்னொன்று, இது முக்கியம். கோவில் மேடையில் கம்பியைத் தொட்டுக்கொண்டு மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்கிறதா என்று மற்றவர்களைக் கேளுங்கள். அப்படி இருந்தால் எங்கோ எர்த் இல்லை. உருண்டைக் கால் பழைய சொக்கெட்டில் இரண்டு கால் பிளக்கைக் குத்தி மிக்சர் ஓட்டும் இடங்களில் இது சாதாரணம். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைவது இயல்பு, ஷொக் அடிப்பது இயல்பு இல்லை. எலெக்ட்ரிசியன் ஒருவரைக் கொண்டு எர்த்தும் ட்ரிப் சுவிட்சும் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு வாசியுங்கள்.

---

பாலையூற்றுத் தம்பி எழுதியது:

கேட்டேன் அண்ணா. கீபோர்ட் வாசிக்கும் அண்ணாவுக்கு அடிக்கடி சுரீர் என்கிறதாம், "அது அப்படித்தான்" என்று இவ்வளவு காலமும் விட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை எலெக்ட்ரிசியன் வருகிறார். அதுவரை வீட்டில் ஹெட்போன்தான்.